கறுப்பு நாடா

டுலூத்தில் ஜனவரி பிறந்தால்
நள்ளிரவில் உப்புத் தூவிக்கொண்டு போகும் லாரி.
அதைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள்:
உப்புலாரி.
நல்ல பெயர் கிடைக்கிறவரைக்கும், என்றாள் டாரி.
பதினோரு வருஷம் கிடைக்கவில்லை.

நான் ஆர்வோ. ஒலிக்கு நான், வண்டிக்கு நான்,
இடைவேளையில் டி-ஷர்ட் விற்கவும் நான்.
எல்லோருக்கும் முன்னால் மேடையேறி
கறுப்பு நாடாவில் இரண்டு பெருக்கல் குறி ஒட்டுவேன்,
ஒன்று சிக்னெ நிற்க, ஒன்று டாரி நிற்க.
முதல் வருஷம் நடுவில் இரண்டு சாண்.
பாஞ்சோவின் தலை கிதாரின் கழுத்தில் இடிக்கும்.
பாட்டை நிறுத்தாமல் சிரிப்பார்கள்.
முதல் ஆல்பத்தில் அந்தச் சிரிப்பு இருக்கிறது,
மூன்றாவது பாட்டு, இரண்டாம் நிமிஷம்.

பெமிட்ஜியில் ஆறு பேர் வந்தார்கள்.
இருவர் ஐஸ் மெஷின் பழுதுபார்க்க வந்தவர்கள்.
நான்காவது பாட்டிலேயே வேலை முடிந்துவிட்டது.
ஸ்பானரை மடியில் வைத்துக்கொண்டு
கடைசிவரை இருந்தார்கள்.
போகும்போது இருவருக்கும் சேர்த்து
ஒரு சட்டை வாங்கினார்கள்.

இணையத்தில் ஒரு பாட்டை லட்சம் முறை கேட்டார்கள்.
அந்தக் காசில் முன்சக்கரங்கள் மாற்றினோம்.
பின்சக்கரங்களுக்கு இன்னொரு லட்சம் காது வேண்டும்.
யானைப்பசி. சோளப்பொரி.

சிகாகோவிலிருந்து ஒரு கம்பெனி ஆள்.
டிரம்ஸ் சேர்க்கலாம், ஒருத்தி மட்டும் முன்னால் நிற்கலாம் என்றான்.
எந்த ஒருத்தி?
இருவரும் ஒரே மூச்சில் கேட்டார்கள்,
கேள்விகூடச் சுருதி சேர்ந்துதான் வந்தது.
அவன் கையைப் பாதி தூக்கி இறக்கிவிட்டான்.
வேனில் நானூறு மைல்
அந்தப் பாதிக் கையைப் பற்றி யாரும் பேசவில்லை.

டாரியின் அண்ணன் வால்ட்
சுப்பீரியர் ஏரியில் படகோடு போனவன்.
அவனுக்காக எழுதிய பாட்டு 'மெல்ல அமிழ்'.
அதைத்தான் ஒரு மெத்தைக் கம்பெனி
விளம்பரத்துக்குக் கேட்டது.
மெத்தைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லையாம்.
சிக்னெ ஃபோனைத் தூக்கி எறிந்தாள்.
டாரி குனிந்து எடுத்தாள், கன்னம் வீங்கியிருந்தது,
சரி என்று சொன்னாள்.
'அண்ணன் என்னுடையவன். பல்லும் என்னுடையது.'
ரூட் கேனால் போக மிச்சத்தில்
வண்டிக்கு கியர்பாக்ஸ் போட்டோம்.
இரண்டும் இன்றுவரை நன்றாக இருக்கின்றன.

அதன்பின் ஃபார்கோவில் நான்கு சாண்.
தண்டர் பேயில் ஆறு.
ஆஷ்லாண்டில் நாடாவை நான் ஒட்டிய இடத்திலிருந்து
சிக்னெ கால்நகத்தால் உரித்து
ஒரு முழம் தள்ளி அவளே ஒட்டினாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்.
இரண்டு குரலும் சரியாகப் பொருந்தும்போது
அடியில் மூன்றாவதாக ஒன்று கேட்கும்,
யாருடைய தொண்டையிலிருந்தும் வராதது.
அதற்கு மைக் வைக்க முடியாது.
ராயல்டித் தாளில் அதற்குப் பெயரில்லை.
ஒன்பது சாணிலும் அது வந்தது.
பேச்சு நின்று இரண்டு வருஷமான பிறகும் வந்தது.
நான் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் கேட்பேன்.

கடைசிக் கச்சேரி என்று யாரும் அறிவிக்கவில்லை.
மறுவாரம் சிக்னெ மாவட்டச் சாலைத்துறையில் சேர்ந்தாள்,
காப்பீடு உண்டு, பல்லுக்கும் சேர்த்து.
என்ன வேலை என்று கேட்டால் சிரிக்கக் கூடாது:
உப்புலாரி ஓட்டுகிறாள்.

நேற்று டாரி தனியாகப் பாடினாள்,
துறைமுகத்துப் பாரில், முப்பது பேருக்கு.
பழக்கதோஷம், இரண்டு குறி ஒட்டியிருந்தேன்.
அவள் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.
இரண்டு பாட்டுக்கு நடுவில்
வெளியே ஒரு லாரி பின்வாங்கியது,
பீப், பீப், பீப்.
மாவட்டத்தில் பத்தொன்பது லாரிகள்.
எது யாருடையதென்று யாருக்குத் தெரியும்.

டாரி தலையைச் சாய்த்துக் கேட்டாள்.
காப்போவை ஒரு கட்டம் மேலே நகர்த்தி
அந்தச் சுருதியிலேயே
அடுத்த பாட்டை எடுத்தாள்.